வடகோடிச் சிற்றூரின் பள்ளியாசிரியர்

(வெள்ளி விழாக் கல்வியரங்கில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் இடையறாது கல்விப் பணியாற்றிய ஒரு சங்கத்தின் விழாவில் ஆசிரியத் தொழிலைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. ஆயின் இன்று நாம் அப்பொருளை நம் தெருவிலிருந்து தொடங்கப் போவதில்லை. உலகப் படத்தின் உச்சியில், பனியும் இருளும் சூழ்ந்த ஒரு மூலையிலிருந்து தொடங்க விழைகின்றோம். எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டுமாயின் ஏட்டைக் கண்ணிலிருந்து சற்று அகற்றிப் பிடிக்கின்றோம் அல்லவா? அதுபோல, தொலைவில் உள்ள ஒரு பள்ளியைப் பார்க்கும்போது பள்ளி என்பது யாது, ஆசிரியர் என்பவர் யார் என்னும் வினாக்களுக்கு விடை தெளிவாகத் தென்படுகின்றது.

அமெரிக்க நாட்டின் வடமேற்குக் கோடியில் உள்ளது அலாஸ்கா. 1867-இல் உருசியாவிடமிருந்து அமெரிக்கா விலைக்கு வாங்கிய நிலம் அது. 1959-இல் தனி மாநிலமாயிற்று. அதன் வட கடற்கரையை ஒட்டிப் பார்ட்டர் என்றொரு தீவு. அத்தீவில் காக்டோவிக் என்றோர் ஊர். மக்கள் முந்நூறுக்கும் குறைந்தவரே. நவம்பர்த் திங்களில் மறையும் கதிரவன் அங்கே மீண்டும் முகம் காட்டுவது சனவரியில்தான். கோடையிலோ இரவென்பதே இல்லாத வாரங்கள் பல. அவ்வூருக்குச் சாலை இல்லை, இருப்புப் பாதை இல்லை. சிறு விமானமே வழி. கோடையில் கடற்பனி உருகிய சில வாரங்களில் சரக்குத் தோணி வரும்.

இப்பகுதி மக்களை 'எஸ்கிமோக்கள்' என்று நாம் சிறு வயதில் பாடப் புத்தகத்தில் படித்தோம். பனிக்கட்டியால் குமிழ் போன்ற வீடு கட்டி வாழ்பவர் என்றும் படித்தோம். அவர்கள் தம்மைச் சுட்டும் பெயர் வேறு. வட அலாஸ்காவினர் இனுப்பியாட், தென்மேற்கினர் யூப்பிக். இரு சொற்களின் பொருளும் 'மெய்யான மாந்தர்' என்பதே. அவர்தம் முன்னோர் வாழ்ந்த வீடுகளும் பனிக்கட்டி வீடுகள் அல்ல. புல்லோடு கூடிய மண்கட்டியும், கடலில் மிதந்து வந்த மரமும், திமிங்கில எலும்பும் கொண்டு எழுப்பியவை. இன்று அவர்கள் வாழ்வன எண்ணெய் அடுப்பால் வெப்பமூட்டப்படும் மரவீடுகள். ஒரு மக்களைப் பற்றிப் பிறர் எழுதிவைத்த சித்திரத்துக்கும் அம்மக்களின் வாழ்வுக்கும் உள்ள இடைவெளியை இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஊர்களுள் ஒன்றுக்குப் பணியேற்று வரும் ஆசிரியரின் நாளை எண்ணிப் பாருங்கள். அவர் பெரும்பாலும் வெளி மாநிலத்தவர்; அண்மை ஆண்டுகளில் பிலிப்பைன்சு நாட்டினரும் பலர் இவ்வூர்களுக்கு வந்து பணியாற்றுகின்றனர். ஆகத்துத் திங்களில் விமானத்திலிருந்து சரளைக்கல் ஓடுதளத்தில் இறங்குகின்றார். மாவும் அரிசியும் பால்மாவும் புட்டியில் அடைத்த உணவும் முன்னரே வாங்கி அஞ்சலில் அனுப்பியிருப்பார். ஏனெனில் ஊர்க் கடையில் ஒரு தக்காளியின் விலை நகரத்து விலையைப் போலப் பன்மடங்கு. மூடுபனியோ பனிப்புயலோ எழுந்தால் விமானம் நாட்கணக்கில் வாராது. வந்தவர் திரும்ப இயலாது. நோயுற்றவரும் காத்திருக்கவே வேண்டும்.

பள்ளிக் கட்டடம் மரத்தூண்கள் மேல் நிற்கும். நிலத்தடியில் உறைந்து கிடக்கும் மண் கட்டடத்தின் வெம்மையால் இளகிவிடாதிருக்க இந்த ஏற்பாடு. அக்கட்டடத்துள் மழலை வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அனைத்தும் அடங்கும். பல ஊர்களில் மாணவர் தொகை இருபது முப்பதுதான். எனவே ஓர் ஆசிரியர் மூன்று நான்கு வகுப்புகளை ஓர் அறையில் அமர்த்திக் கற்பிப்பார். உயர்நிலை வகுப்பாசிரியராயின் கணக்கும் அறிவியலும் வரலாறும் அவர் தலைமேல். ஒரு பக்கம் எழுத்துக் கூட்டும் சிறுவன். மறு பக்கம் இயற்கணிதத்தோடு போராடும் இளைஞன். நம்மிடையே ஓராசிரியர் பள்ளியில் பணியாற்றியோர் பலர் இங்கே அமர்ந்துள்ளீர்கள். அந்த உழைப்பின் சுமை உங்களுக்குத் தெரியும்.

மணியடித்தவுடன் அவர் பணி முடிவதில்லை. பள்ளிதான் ஊரின் பொதுமன்றம். ஊர்க்கூட்டமும் திருமண விருந்தும் இழவுக்கு மக்கள் கூடுவதும் பெரும்பாலும் அங்கேதான். மாலையில் உள்விளையாட்டரங்கைத் திறந்துவிட வேண்டும். கூடைப்பந்து அவ்வூர்களின் உயிர்மூச்சு. அடுத்த ஊரோடு போட்டியென்றால் குழுவினரைச் சிறு விமானத்தில் அழைத்துச் சென்று, அவ்வூர்ப் பள்ளியின் வகுப்பறைத் தரையில் உறைப்பையை விரித்துப் பிள்ளைகளோடு தாமும் படுத்து, மறுநாள் வானிலை தெளியும்வரை காத்திருந்து திரும்ப வேண்டும். யூக்கான், குஸ்கோக்விம் ஆறுகளின் கழிமுகத்தில் குழாய்நீர் இல்லாத ஊர்கள் இன்றும் உள்ளன. அங்கே நீர்க்குழாயும் கழிப்பறையும் உடைய கட்டடம் பள்ளி ஒன்றாகவே இருத்தல் கூடும். மின்னாக்கி நின்றுபோனால், நீர்க்குழாய் உறைந்துபோனால், ஊர் முழுவதும் நோக்குவது பள்ளியைத்தான்.

காக்டோவிக் போன்ற ஊர்களில் இன்னொரு கடமையும் உண்டு. செப்டம்பர், அக்டோபர்த் திங்களில் திமிங்கில எலும்புக் குவியலை நாடிப் பனிக்கரடிகள் ஊரருகே வரும். ஊர்க்காவலர் சுற்றி வருவர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் பத்திரமாக வீடு சேர்ந்தனரா என்பதும் அங்கே ஆசிரியரின் கவலையே.

அந்தத் திமிங்கிலத்தைப் பற்றியும் ஒரு சொல். காக்டோவிக் ஊராருக்கு ஆண்டுக்கு மூன்று திமிங்கிலம் என ஒதுக்கீடு உண்டு. இலையுதிர் காலத் தொடக்கத்தில் படகோட்டிச் சென்று வேட்டையாடிக் கரைசேர்த்தால் ஊரே கடற்கரையில் கூடும். கூறுபோட்டுப் பகிர்வதற்கு முறையுண்டு; முதியவர்க்கும் கைம்பெண்ணுக்கும் வேட்டைக்குச் செல்லாத வீட்டாருக்கும் பங்குண்டு. அந்நாளில் வருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி வகுப்பறையில் வீற்றிருக்கும் ஆசிரியர் அவ்வூரை அறியாதவர். பிள்ளைகளோடு கரைக்கு வந்து கயிற்றைப் பிடித்து இழுப்பவரே அறிந்தவர்.

புதிதாக வந்த ஆசிரியர் முதல் வாரத்தில் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. "விளங்கிற்றா?" என்று வினவுகின்றார். மாணவன் வாய் திறவான். மீண்டும் வினவுகின்றார். அவன் வெறுமனே பார்க்கின்றான். பணிவில்லாதவன் என்றோ, மந்தமானவன் என்றோ ஆசிரியர் குறித்துக்கொள்கின்றார். உண்மையில் அவன் விடை சொல்லிவிட்டான். அம்மக்களிடையே புருவத்தைச் சற்று உயர்த்தினால் 'ஆம்' என்று பொருள். மூக்கைச் சுளித்தால் 'இல்லை' என்று பொருள். பிள்ளை இருமுறை 'ஆம்' என்றும் ஆசிரியரின் கண்ணுக்கு அது எட்டவில்லை. ஆசிரியர் படிக்க வேண்டிய முதற்பாடம் அப்பிள்ளையின் முகத்தில் எழுதப்பட்டிருக்கின்றது. அதனைப் படிக்க ஆசிரியருக்கு ஓராண்டு ஆகலாம். பலர் அவ்வாண்டின் முடிவிலேயே விமானம் ஏறிவிடுகின்றனர் என்பதுதான் துன்பம்.

அவையோரே, இந்தப் பள்ளி அவ்வூருக்கு எவ்வாறு வந்தது என்பதையும் அறிதல் வேண்டும். அப்போதுதான் ஆசிரியர் போவதும் வருவதும் ஏன் இத்துணைப் பெரிய செய்தி என்பது விளங்கும்.

1885-இல் செல்டன் ஜாக்சன் என்னும் கிறித்தவச் சமயப் பணியாளர் அலாஸ்காவின் கல்விப் பொறுப்பாளராக அமெரிக்க அரசால் அமர்த்தப்பட்டார். அவர் காலத்துப் பள்ளிகளின் நோக்கம் மறைவானதன்று. பிள்ளைகளை ஆங்கிலம் பேசும் வெள்ளையர் வாழ்க்கை முறைக்கு மாற்றுவதே. தாய்மொழியில் பேசிய பிள்ளைகள் தண்டிக்கப்பட்டனர்; இக்கொடுமை பல தலைமுறைகளுக்கு நீடித்தது. 1905-இல் நெல்சன் சட்டம் வந்தது. வெள்ளையர் பிள்ளைகளுக்கும், 'நாகரிக வாழ்வு' நடத்தும் கலப்பினப் பிள்ளைகளுக்கும் ஒருவகைப் பள்ளி. பழங்குடிப் பிள்ளைகளுக்கு நடுவண் அரசின் வேறுவகைப் பள்ளி என்று அச்சட்டம் பிரித்தது. எது நாகரிகம் என்று அளந்து சொல்லும் உரிமையை ஒரு தரப்பு தன் கையில் வைத்துக்கொண்டது. தனிப் பள்ளி என்பதன் பொருளை இவ்வவையில் உள்ள முதியோர் நூலைப் பார்த்து அறிய வேண்டியவர் அல்லர்.

பிரிவினை பள்ளியோடு நிற்கவில்லை. பழங்குடியினருக்கு இடமில்லை என்ற பலகைகள் உணவகங்களின் வாயிலில் தொங்கின. 1944-இல் நோம் நகரத்தில் அல்பெர்ட்டா செங்க் என்னும் இளநங்கை திரையரங்கில் வெள்ளையருக்கென ஒதுக்கிய பகுதியில் அமர்ந்தமைக்காகக் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு, தலைநகர் ஜூனோவின் சட்டமன்றத்தில் எலிசபெத் பெராட்ரோவிச் என்னும் திளிங்கிட் இனப் பெண்மணி எழுந்து நின்று சான்றுரைத்தார். 1945 பிப்ரவரி 16-ஆம் நாள் வேற்றுமை ஒழிப்புச் சட்டம் கையெழுத்தாயிற்று.

சட்டம் வந்தும் உயர்நிலைப் பள்ளி ஊருக்கு வரவில்லை. சிற்றூரில் எட்டாம் வகுப்பு வரையே இருந்தது. மேலே படிக்க விரும்பிய பிள்ளை ஊரை விட்டுச் செல்ல வேண்டும். அலாஸ்காவின் தென்கிழக்கில் சிட்காவில் 1947-இல் தொடங்கப்பட்ட மவுண்ட் எட்ஜ்கம்ப் விடுதிப் பள்ளிக்குச் சிலர் சென்றனர். ஆரிகன் மாநிலத்துச் செமாவா பள்ளிக்கும், ஓக்லகோமா மாநிலத்துச் சிலோக்கோ பள்ளிக்கும் ஆயிரக்கணக்கான கல் தொலைவு அனுப்பப்பட்டவர் பலர். வேறு சிலர் நகரங்களில் அயலார் வீட்டில் தங்கிப் படித்தனர். இவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்த யூடித் கிளைன்ஃபெல்டு என்னும் அறிஞர், அம்முறை பலருடைய மனத்தையும் படிப்பையும் சிதைத்தது என்று 1973-இல் எடுத்துரைத்தார். விடுதிப் பள்ளியில் சிறந்து விளங்கி மக்கட்தலைவரானோரும் உண்டு. அதனை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் தாயைப் பிரிதலா படிப்பைத் துறத்தலா என்னும் இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று பதின்மூன்று அகவைப் பிள்ளையிடம் கேட்பது அறமாகுமா?

அவ்வினாவை நீதிமன்றத்தில் கேட்டவள் ஒரு மாணவி. யூக்கான் ஆற்றின் முகத்துவாரத்தில் எம்மோனாக் என்னும் ஊர். அவ்வூர் யூப்பிக் மாணவி மாலி ஹூச் பெயரை முதலாகக் கொண்டு 1972-இல் அரசின்மேல் வழக்குத் தொடரப்பட்டது. என் ஊரில் உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்பதே வழக்கின் சாரம். 1975-இல் மாநில உச்சநீதிமன்றம், சொந்த ஊரிலேயே பள்ளி கேட்கும் உரிமையை அரசியலமைப்பின் கல்விப் பிரிவு வழங்கவில்லை என்று கூறிவிட்டது. ஆனால் இனத்தால் வேற்றுமை காட்டப்பட்டது என்னும் முறையீட்டை மட்டும் விசாரணைக்கு விட்டது. நுனாபிட்சுக் ஊரின் அன்னா டோபெலுக் பெயர் முன்னிற்க வழக்குத் தொடர்ந்தது. அரசு 1976-இல் உடன்பாட்டுக்கு இறங்கியது. 126 ஊர்களுக்கு, அவ்வூரார் விரும்பினால், உயர்நிலைப் பள்ளி தருவதாக ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு ஊரகப் பகுதிகளில் மக்களே தேர்ந்தெடுக்கும் வட்டாரக் கல்விக் குழுக்களும் பணியைத் தொடங்கின.

எனவே அச்சிற்றூரின் பள்ளி எவரும் இரங்கி அளித்ததன்று. மாணவியர் கேட்டுப் பெற்றது. அவ்வாறு பெற்ற பள்ளியில் நின்று கற்பிக்க ஆசிரியர் இல்லையென்றால் அவ்வெற்றி பாதி வெற்றியே.

ஆசிரியர் ஏன் நிற்பதில்லை? காரணங்கள் எளியவை. தங்க வீடு போதாது. ஊரார்க்கே வீடு போதாத இடத்தில் ஆசிரியருக்கு எங்கிருந்து கிடைக்கும்? சில ஊர்களில் பள்ளியின் ஓர் அறையிலேயே ஆசிரியர் தங்கியதுண்டு. உற்றார் தொலைவு, இருள், தனிமை இவையும் உண்டு. இவற்றுக்கெல்லாம் மேலாக, அலாஸ்காவின் மாணவருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பழங்குடியினராக இருக்க, ஆசிரியருள் பழங்குடியினர் நூற்றுக்கு ஐவர் என்ற அளவிலேயே உள்ளனர். ஊரில் பிறந்தவர் ஆசிரியரானால் ஊரில் நிற்பார். ஊராரல்லாதவர் போவது இயல்பு. இதன் விளைவை நுகர்பவர் பிள்ளைகளே. ஆண்டுதோறும் புதிய முகம். ஆண்டுதோறும் புருவத்தின் பொருளை முதலிலிருந்து கற்பிக்க வேண்டும். 'இவரும் போய்விடுவார்' என்று அறிந்த பிள்ளை மனத்தைத் திறப்பதற்குத் தயங்குகின்றது. அதனைச் சோம்பல் என்று எவரேனும் கூறின் அது நேர்மையாகாது.

நாம் முன்னர்க் குறிப்பிட்ட கிளைன்ஃபெல்டு அம்மையார் 1975-இல் இன்னொரு கட்டுரை எழுதினார். பழங்குடி மாணவர்க்கு எத்தகைய ஆசிரியரால் பயன் விளைகின்றது என்பது அதன் பொருள். அன்பு மட்டும் காட்டிப் பிள்ளை செய்தது எதுவாயினும் போதும் என்று விடுபவரால் பயன் இல்லை. கண்டிப்பு மட்டும் காட்டி நெஞ்சம் ஒட்டாதிருப்பவராலும் பயன் இல்லை. உறவினரைப் போல நெருங்கி, அவ்வுறவின் உரிமையால் 'இதனை நீ செய்தே ஆக வேண்டும். உன்னால் இயலும்' என்று விடாது கேட்பவரே வெற்றி பெறுகின்றார் என்று அவர் கண்டார். பிள்ளைகளுக்காக இரக்கப்படுவோர் இவ்வுலகில் பலர். அவர்களிடம் உயர்ந்த வேலையை எதிர்பார்ப்போர் சிலரே. பிற்பட்டவன் என்று கருதிக் கணக்கை எளிதாக்கிக் கொடுப்பதும் ஒருவகை அவமதிப்பே என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தல் கூடாது.

இதற்குச் சான்றாகக் காக்டோவிக் பள்ளியில் நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுகின்றோம். 1990-களின் தொடக்கம். வில்லியம் பார்ட்லி என்னும் ஆசிரியர் கணக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நடுநிலை வகுப்பில் மாணவர் ஒன்பதின்மர். எண்களைப் பத்துப் பத்தாக மட்டுமன்றி வேறு அடிப்படையிலும் எண்ணலாம் என்பது அன்றைய பாடம். அப்போது மாணவர், தம் மொழியில் எண்ணுவது இருபது இருபதாக என்று எடுத்துரைத்தனர்.

அம்மொழியின் எண்ணுப்பெயர்கள் உடம்பிலிருந்து பிறந்தவை. ஐந்தின் பெயர் கையோடு தொடர்புடையது. பத்து என்பது உடம்பின் மேற்பகுதி. இரு கைவிரலும் முடிந்தன. பதினைந்துக்குரிய சொல் 'கடந்து செல்லுதல்' என்பதைச் சுட்டும். ஒரு காலின் விரல்கள் முடிந்து மறு காலுக்குச் செல்கின்றோம். இருபதுக்குரிய சொல் 'இனுயின்னாக்'. 'முழு மனிதன்' என்பது அதன் பொருள். கையும் காலும் எண்ணி முடித்தால் மனிதன் முழுமையடைகின்றான்! இத்துணை அழகிய எண்முறையை எழுதிப் பார்க்க முயன்றபோது, பள்ளியில் கற்ற பத்துக் குறிகள் போதவில்லை. சுழியத்திலிருந்து பத்தொன்பது வரை இருபது குறிகள் தேவைப்பட்டன.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அவசரத்தில் உள்ள ஆசிரியர், 'அது உங்கள் வீட்டு வழக்கம். பாடத்துக்கு வாருங்கள்' என்று கூறியிருக்கலாம். பார்ட்லி அவ்வாறு கூறவில்லை. குறிகளை நீங்களே ஆக்குங்கள் என்று விட்டார். குறி எளிதில் நினைவில் நிற்க வேண்டும். பென்சிலை எடுக்காமல் எழுத வேண்டும். வடிவத்துக்கும் பொருளுக்கும் தொடர்பு வேண்டும். வழக்கிலுள்ள இலக்கங்களோடு குழம்பக் கூடாது. பார்க்க அழகாகவும் இருத்தல் வேண்டும் என்று மாணவரே விதிகளை வகுத்தனர். ஒன்று முதல் நான்கு வரை மேலும் கீழுமாக இழுத்த கோடுகள்; ஐந்து ஒவ்வொன்றுக்கும் தலைமேல் ஒரு கிடைக்கோடு. சுழியத்துக்குக் குறி, தலைக்குமேல் குறுக்காக மடித்த இரு கைகள்; 'ஒன்றுமில்லை' என்னும் சாடை. பள்ளிப் பட்டறையில் இருபதின் அடிப்படையில் மணிச்சட்டமும் செய்தனர். பெரிய வகுப்பார் சிறிய வகுப்பாருக்குக் கற்பித்தனர். அக்குறிகளில் கூட்டலும் கழித்தலும் கண்ணுக்கே புலப்பட்டன. ஒரு குறியின் மேல் மற்றொரு குறியைச் சேர்த்தால் விடை வடிவமாகவே தோன்றும். நெடுமுறை வகுத்தலும் எளிதாயிற்று.

பயன் யாது? முன்னர் அப்பள்ளியின் நடுநிலை மாணவர் நாடு தழுவிய கணக்குத் தேர்வில் மிகவும் பின்தங்கியிருந்தனர். நாட்டு மாணவர் நூற்றுவரை வரிசைப்படுத்தினால் அடியிலிருந்து இருபதாம் இடத்துக்கும் கீழே நின்றனர். 1997-இல் நாட்டின் சராசரிக்கு மேலே உயர்ந்தனர். 1998-இல் வடதுருவ நாடுகளின் இன்யூட் மக்கள் பேரவை, கனடாவிலும் இவ்வெண்களை வளர்த்துப் பயன்படுத்துமாறு பரிந்துரைத்தது. 2022-இல் உலகக் கணிப்பொறிகளுக்குப் பொதுவான ஒருங்குறி எழுத்துத் தொகுதியில் அவ்வெண்கள் இடம்பெற்றன. முந்நூறு பேர்கூட இல்லாத ஊரின் ஒன்பது பிள்ளைகள் ஆக்கிய இலக்கங்கள் இன்று 'காக்டோவிக் எண்கள்' என்று உலகறிய நிற்கின்றன. அவர்கள் கணக்கில் மந்தம் என்று கருதப்பட்டிருந்த பிள்ளைகள் என்பதை எண்ணிப் பாருங்கள்!

அப்பள்ளியின் பெயரிலும் ஒரு செய்தி உண்டு. ஹரால்டு கவியோலுக் பள்ளி என்பது அதன் பெயர். 1951-இல் அவ்வூரில் நடுவண் அரசின் பள்ளி தொடங்கியபோது கற்பிக்க வந்தவர் அவர், இனுப்பியாட் இனத்தவரே. 1947-க்கும் 1964-க்கும் இடையில் படைத்துறைப் பணிகளுக்காக அவ்வூரார் மும்முறை தம் இருப்பிடத்தைப் பெயர்த்துக்கொண்டு நகர நேர்ந்தது. வீடுகள் பெயர்க்கப்பட்ட காலத்திலும் பிள்ளைகள் படித்தனர். முன்னர்ப் பாரோ எனப்பட்டு, 2016-இல் தன் பழம்பெயரான உட்கியாக்விக் என்பதை மீட்டுக்கொண்ட நகரத்தின் தொடக்கப் பள்ளி, பிரெட் இபாலுக் என்னும் இனுப்பியாட் ஆசிரியரின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. ஆளுநர் பெயரும் செல்வர் பெயரும் பள்ளிகளுக்குச் சூட்டப்படுவதை நாம் அறிவோம். ஊரில் தோன்றி ஊருக்குக் கற்பித்தவர் பெயரைச் சூட்டிய மக்கள், ஆசிரியரின் மதிப்பை அறிந்தவர்கள்.

யூப்பிக் மக்களிடையே பாட்டியால் வளர்க்கப்பட்ட ஆஸ்கர் கவாக்லி என்பவர், தம் இனத்தில் முதன்முதல் முனைவர் பட்டம் பெற்று, அலாஸ்காப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றி 2011-இல் மறைந்தார். ஆற்றுப் பனியின் தடிப்பை அறியும் முதியவரின் அறிவும் அறிவியலே. அதனைப் பள்ளிக்குள் அழைத்து வாருங்கள் என்று அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தினார். 1970-இலேயே, ஊர்ப்புற இளைஞரை ஊரை விட்டு அகற்றாமல் ஆசிரியராகப் பயிற்றும் திட்டம் அங்கே தொடங்கிற்று. 2014-இல் இருபது பழங்குடி மொழிகள் மாநிலத்தின் ஆட்சிமொழிகளாக அறிவிக்கப்பட்டன. ஒரு காலத்தில் எந்த மொழியைப் பேசியதற்காகப் பிள்ளை அடிபட்டதோ அம்மொழிக்கு இன்று சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அம்மொழியை வகுப்பில் பேசும் ஆசிரியர் கிடைப்பது அரிதாகவே உள்ளது.

இடர்கள் தீர்ந்துவிடவில்லை. 1998-இல் அலாஸ்கா இயற்றிய சட்டத்தின்படி, மாணவர் தொகை பத்துக்குக் கீழே இறங்கினால் பள்ளிக்குரிய அரசு நிதி பெரிதும் குறைந்துபோகும். ஒரு குடும்பம் பிழைப்புக்காக நகரம் சென்றால் பள்ளியின் கதவு மூடப்படலாம், பள்ளி மூடினால் எஞ்சிய குடும்பங்களும் வெளியேறும், ஊரே கலையும். பத்தாவது பிள்ளையின் வருகையில் ஓர் ஊரின் வாழ்வு தொங்குகின்றது. 2020 பிப்ரவரியில், எண்கள் பிறந்த அதே காக்டோவிக் பள்ளிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. கட்டடம் எரிந்தது; அங்கே பிறந்த கணக்கு எரியவில்லை.

அன்புடையீர்! இத்துணையும் கூறியதன் நோக்கம் ஒன்றே. அவ்வடகோடி ஆசிரியரின் ஓயாத உழைப்பைக் கண்டு வியந்து கலைவதற்காக நாம் இங்கே கூடவில்லை. உழைப்பு இன்றியமையாதது, ஆயினும் உழைப்பு மட்டுமே பள்ளியை வாழ்விப்பதில்லை. அங்கே எண்ணற்றோர் கடுமையாக உழைத்தனர்; உழைத்து, களைத்து, ஓராண்டில் சென்றனர். நின்றவரும், பிள்ளையின் முகத்தைப் படித்தவரும், அப்பிள்ளையின் அறிவை நம்பி அதற்கு வேலை கொடுத்தவரும், அவ்வூரிலேயே பிறந்து ஆசிரியராகித் திரும்பியவருமே பள்ளியை வாழ்வித்தனர்.

இந்த அரங்கின் பின்வரிசையில் ஆசிரியப் பயிற்சி பெறும் இளைஞர் சிலர் அமர்ந்திருப்பதைக் காண்கின்றோம். சங்கத்தின் உதவியால் படித்தவர்கள் நீங்கள். நகரத்தில் பணி கிடைத்தால் ஏற்க வேண்டாம் என்று கூறும் உரிமை எவர்க்கும் இல்லை, நாமும் கூறவில்லை. உங்கள் வாழ்வு உங்களுடையது. ஒன்றை மட்டும் நினைவிற் கொள்ளுங்கள். நீங்கள் பிறந்த தெருவின் பிள்ளை வாய் திறவாமல் பார்க்கும்போது, அப்பார்வையின் பொருளை அகராதியின்றி அறியக்கூடியவர் நீங்கள். வெளியூரார்க்கு ஓராண்டு பிடிக்கும் பாடம் உங்களுக்கு முன்னரே தெரியும். அந்த அறிவுக்கு எந்தக் கல்லூரியும் பட்டம் தருவதில்லை; ஆனால் அதற்காகக் காத்திருக்கும் வகுப்பறைகள் பல.

சங்கத்தின் பெரியோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இருபத்தைந்து ஆண்டுகளில் எத்தனை பேர் தேர்ச்சி பெற்றனர் என்னும் பட்டியலை இம்மலரில் அச்சிடுகின்றீர்கள், நன்று. அடுத்த பட்டியலில் இன்னொரு வரிசையும் சேர்த்தல் வேண்டும். எத்தனை பேர் ஆசிரியராகி, எத்தனை ஆண்டு ஒரே பள்ளியில் நின்றனர் என்பதே அவ்வரிசை. பொன்விழா மலரில் அந்த வரிசை நீண்டிருக்குமாயின், இச்சங்கம் நட்டது வேர் பிடித்தது என்று கொள்ளலாம்.